மானியப் பணத்தில் வாங்கும் மெத்தைக்கு யார் விலை கேட்பது?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

"ஐயா, அறநிறுவனம் ஒன்று நடத்தும் தாதிமை இல்லத்தில் கொள்முதல் உதவியாளராகச் சேர்ந்து 14 மாதங்கள் ஆகின்றன. படுக்கைப்புண் வராமல் தடுக்கும் காற்று மெத்தைகள் 24 வாங்குவதற்காக மூன்று விற்பனையாளர்களிடம் விலைப்புள்ளி கேட்கச் சொன்னார்கள். வந்தவற்றில் குறைந்த விலையே மெத்தை ஒன்றுக்கு 1,480 வெள்ளி. அதே வேலையைச் செய்வதாகச் சொல்லும் வேறொரு மெத்தை 520 வெள்ளிக்குக் கிடைப்பதை நானே தேடிக் கண்டுபிடித்து மேலாளரிடம் காட்டினேன். 'இது மானியப் பணம். மார்ச் 31க்குள் செலவழிக்காவிட்டால் அடுத்த ஆண்டு குறைத்துவிடுவார்கள். நம் பையிலிருந்தா போகிறது?' என்றார். இன்னொன்றும் உறுத்துகிறது. மூன்று விலைப்புள்ளிகளில் இரண்டில், ஒரே ஆங்கிலச் சொல்லில் ஒரே எழுத்துப்பிழை இருக்கிறது. அம்மாவோ, 'வேலையைக் காப்பாற்றிக்கொள், வாயைத் திறக்காதே' என்கிறார். நான் என்ன செய்வது? விலை கேட்டது தப்பா?"

அன்புத் தம்பி,

தப்பே இல்லை. கொள்முதல் மேசையில் உட்கார்ந்திருப்பவர் விலை கேட்காமல் வேறு யார் கேட்பது? ஆனால் எப்படிக் கேட்பது, எதை முதலில் கேட்பது என்பதில்தான் காரியம் இருக்கிறது. 31 ஆண்டுகள் மருத்துவமனைகளில் கருவிகளைப் பராமரிக்கும் உயிர்மருத்துவப் பொறியாளராக வேலை செய்துவிட்டு ஓய்வுபெற்றவன் நான். இப்போதும் சில அறநிறுவனங்களுக்கு வாங்கும் பட்டியல்களைப் பார்த்துக் கொடுக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்த 520 வெள்ளி மெத்தையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். 960 வெள்ளி வித்தியாசம் முழுவதும் கொள்ளை என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். மருத்துவக் கருவியின் விலையில் நியாயமான பகுதி ஒன்று உண்டு. ஈரமான படுக்கையில் மின்கசிவு ஏற்படாத பாதுகாப்பு, கிருமிநாசினியால் நூறு முறை துடைத்தாலும் வெடிக்காத உறை, நெஞ்சமுக்க உயிர்மீட்பு செய்யவேண்டி வந்தால் ஒரே இழுப்பில் காற்றை வெளியேற்றும் வால்வு, இரவு இரண்டு மணிக்குப் பம்ப் நின்றுபோனால் மறுநாள் மாற்றுப் பம்ப் கொண்டுவரும் ஆள் ஆகிய அனைத்துக்கும் காசு உண்டு. விற்பவர் சுகாதார அறிவியல் ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்டவரா என்பதையும் பாருங்கள். அபாயம் மிகக் குறைந்த 'ஏ' வகைக் கருவிகளுக்குத் தனித்தனிப் பதிவு தேவையில்லை. ஆனால் இறக்குமதி செய்பவருக்கு உரிமம் வேண்டும். இணையத்தில் ஏதோ ஒரு கடையில் பார்த்த விலையை நீட்டினால், விற்பனையாளர் இந்த ஒரு கேள்வியிலேயே உங்களை மடக்கிவிடுவார்.

காற்று மெத்தையில் முதலில் சாவது பம்ப். அடுத்து உறை. அதற்கடுத்து தனித்தனிக் காற்றறைகள். ஆகவே மூவரிடமும் மெத்தையின் விலையோடு பம்பின் தனி விலை, உறையின் விலை, ஓர் அறையின் விலை, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, அது முடிந்த பிறகு பராமரிப்பு ஒப்பந்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். மலிவான மெத்தையின் பம்ப் தனியாகக் கிடைக்காது என்றால், பழுதானதும் முழு மெத்தையையும் குப்பையில் போட வேண்டியதுதான். அப்போது 520 வெள்ளி மலிவு இல்லை. மாறாக, 1,480 வெள்ளி மெத்தையின் பம்பே 900 வெள்ளி என்று பதில் வந்தால், அந்த விலை எங்கே வீங்கியிருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஐந்தாண்டுக்கான மொத்தச் செலவை ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். உங்களிடம் மூன்று விலைப்புள்ளிகள் இருக்கின்றன. அவற்றுக்கு முன்பாக ஒரு தாள் போயிருக்குமே, நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்று சொல்லும் தேவைக்குறிப்பு, அதை யார் எழுதினார்? விலை பெரும்பாலும் அந்தத் தாளில்தான் முடிவாகிவிடுகிறது. பிறகு மூன்று பேரிடம் கேட்பது வெறும் சடங்கு.

இதை நான் பிறரைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்னால் நான் வேலை பார்த்த இடத்தில், தூக்கிச் செல்லக்கூடிய ஒரு கருவிக்கான தேவைக்குறிப்பை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. வேலை நெருக்கடி. ஒரு விற்பனையாளர் கொடுத்துவிட்டுப் போன விளக்கக் கையேட்டை எடுத்து, அதிலிருந்த அளவுகளை அப்படியே எழுதினேன். எடை 14.2 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. ஏன் 14.2? காரணமே கிடையாது, அந்தக் கையேட்டில் அப்படி இருந்தது, அவ்வளவுதான். போட்டிக் கருவியின் எடை 14.6 கிலோ. அவர்கள் விண்ணப்பிக்கவே இல்லை. ஒரே ஒருவர் வந்தார், அவர் சொன்னதே விலை. யாரும் யாருக்கும் லஞ்சம் கொடுக்கவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் பொதுப்பணம் வீணானது. என் பேனாவால் வீணானது. அதை இன்றுவரை நான் மறக்கவில்லை.

2012இல் தேசியப் பூங்காக் கழகம் 26 மடக்கு சைக்கிள்களை ஒன்று 2,200 வெள்ளி வீதம், மொத்தம் 57,200 வெள்ளிக்கு வாங்கியது நினைவிருக்கிறதா? நீங்கள் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருப்பீர்கள். அன்று காப்பிக்கடைகளில் எல்லாரும் பேசியது சைக்கிளின் விலையைப் பற்றி. என் கண்ணில் பட்டது வேறு: அந்தக் கொள்முதல் அழைப்புக்கு விண்ணப்பித்தது ஒரே ஒரு நிறுவனம். ஒற்றை விண்ணப்பம் வந்தால், விலையைப் பார்க்கும் முன் தேவைக்குறிப்பை எடுத்துப் படிக்க வேண்டும் என்பதை அதற்கு முன்பே என் 14.2 கிலோ எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

உங்கள் இல்லத்தின் தாளை எடுத்துப் பாருங்கள். 'காற்றறைகள் 18 இருக்க வேண்டும்', 'சுழற்சி நேரம் 9.6 நிமிடம்' என்பதுபோல் வினோதமான எண்கள் இருந்தால், அவை ஏதாவது ஒரு கையேட்டிலிருந்து குதித்தவைதான். அதற்குப் பதிலாகத் தாதியரிடம் போய், 'உங்களுக்கு எது வேண்டும்?' என்று கேட்டு எழுதுங்கள். எத்தனை கிலோ எடையுள்ள முதியவரைத் தாங்க வேண்டும், பம்பின் இரைச்சல் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் தூக்கத்தைக் கெடுக்காமல் இருக்க வேண்டும், மின்சாரம் போனால் எவ்வளவு நேரம் காற்று நிற்க வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். இரவுப் பணியில் இருப்பவர்களிடம் கட்டாயம் கேளுங்கள்.

அதே மூச்சில் இன்னொன்றையும் கேளுங்கள்: 24 எதற்கு? காற்று மெத்தை எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை. பிரிட்டனில் 2,029 நோயாளிகளிடம் நடந்து 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, காற்று மாறிமாறி நிரம்பும் மெத்தையையும் தரமான நுரை மெத்தையையும் ஒப்பிட்டது. படுக்கைப்புண் வருவதில் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருப்பதாக அந்த ஆய்வால் உறுதியாகக் காட்ட முடியவில்லை. இதற்காகக் காற்று மெத்தையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே புண் இருப்பவர், தானாக அசைய முடியாதவர், நுரை மெத்தையில் சரிப்படாதவர் என்று சிலருக்கு அது வேண்டும். படுக்கைப்புண் வரும் ஆபத்தை மதிப்பிடும் பிரேடன் அளவுகோலில் உங்கள் தாதியர் ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போட்டு வைத்திருப்பார்கள். 18 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஆபத்து உண்டு என்பது வழக்கம். அந்தப் பட்டியலோடு உட்கார்ந்தால் 24 என்பது 11 ஆகலாம், 15 ஆகலாம். 24ஆகவே இருந்தாலும், ஏன் 24 என்பதற்குக் கையில் ஒரு விடை இருக்கும்.

இப்போது உங்கள் மேலாளர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 'நம் பையிலிருந்தா போகிறது?' இந்த வாக்கியத்தை எத்தனை அலுவலகங்களில் கேட்டிருப்பேன்! ஒவ்வொரு முறையும் வயிறு எரியும். ஆம், நம் பையிலிருந்துதான் போகிறது.

அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மெடிகேர் என்ற அரசாங்கக் காப்பீடு இருக்கிறது. வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் இயந்திரத்துக்கு அது மாத வாடகை கொடுத்து வந்தது. அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் தணிக்கையாளர்கள் 2006இல் கணக்குப் பார்த்தார்கள். 36 மாத வாடகை 7,215 டாலர். புது இயந்திரத்தையே விலைக்கு வாங்கினால் சராசரியாக 587 டாலர். இதில் நோயாளியின் பங்கு 20 விழுக்காடு, அதாவது 1,443 டாலர். 'பெரும்பகுதியை அரசாங்கம் கொடுக்கிறது' என்று நிம்மதியாக இருந்த அந்த முதியவர், தன் சிறிய பங்காக மட்டுமே இயந்திரத்தின் விலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கட்டியிருக்கிறார். மானியம் இருக்கும் இடத்தில் விலை வீங்கினால், மானியம் பெறுபவரும் சேர்ந்துதான் அழ வேண்டும். உங்கள் இல்லத்தில் இருப்பவர்களின் பிள்ளைகள் மாதாமாதம் மானியம் போக மீதியைக் கட்டுகிறார்களே, அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இது எப்படி நடந்தது என்பதும் நமக்குப் பாடம். மெடிகேரின் கருவி விலைப்பட்டியல் 1986, 1987ஆம் ஆண்டுகளில் விற்பனையாளர்கள் கேட்ட தொகையை அடிப்படையாக வைத்துப் போடப்பட்டது. பிறகு பெரும்பாலும் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்தப்பட்டதே தவிர, சந்தை விலையோடு முறையாக ஒப்பிடப்படவில்லை. கருவிகளோ ஆண்டுக்கு ஆண்டு மலிவாகிக்கொண்டே வந்தன. ஒரு வகை முதுகுப் பட்டைக்கு மெடிகேர் சராசரியாக 919 டாலர் கொடுத்தபோது, விற்பனையாளர்கள் அதை 191 டாலருக்கு வாங்கியிருந்தார்கள் என்று 2012இல் வந்த இன்னொரு தணிக்கை அறிக்கை சொன்னது. 2011இல் ஒன்பது வட்டாரங்களில் போட்டி முறையில் விலை கேட்கத் தொடங்கிய பிறகுதான் ஆக்சிஜன் இயந்திரம் போன்ற சில கருவிகளின் விலைகள் நன்றாக இறங்க ஆரம்பித்தன. உங்கள் இல்லத்திலும் 'போன தடவை 1,420, இந்தத் தடவை 1,480, பரவாயில்லை' என்று யாராவது சொன்னால், அந்தப் போன தடவை விலை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

ஊரில் உறவினர் யாருக்காவது இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தால், இந்தியாவில் 2017 பிப்ரவரியில் நடந்தது உங்கள் வீட்டாருக்கும் தெரிந்திருக்கும். மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய்க்கு மேல், சாதாரண ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய்க்கு மேல், வரி நீங்கலாக, விற்கக்கூடாது என்று அரசு உச்சவரம்பு விதித்தது. அதற்கு முந்தைய நாள்வரை ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்தவர்கள் இருந்தார்கள். வரம்பு வந்ததும் சில நிறுவனங்கள் தங்கள் விலையுயர்ந்த ரகங்களைச் சந்தையிலிருந்து எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டன என்பதையும் சொல்ல வேண்டும். அதிகாரத்தால் விலையை இறக்குவதற்கும் ஒரு விலை உண்டு. அதனால்தான் வாங்கும் இடத்திலேயே கண்ணைத் திறந்து வைத்திருப்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

நம் ஊரில் அதற்கான ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. எந்தச் சிகிச்சை, எந்தக் கருவி அதன் விலைக்குத் தகுந்த பலன் தருகிறது என்று மதிப்பிட 'ஏஸ்' என்ற அமைப்பைச் சுகாதார அமைச்சு 2015இல் தொடங்கியது. பொது மருத்துவமனைக் குழுமங்கள் மூன்றுக்கும் சேர்த்துப் பொருள் வாங்க 'ஆல்ப்ஸ்' 2018இல் வந்தது. மொத்தமாகக் கேட்டால் விலை இறங்கும் என்பது தேக்கா சந்தையில் காய்கறி வாங்குகிறவர்களுக்கே தெரியும். உங்களைப்போன்ற சிறிய இல்லங்கள்தான் தனித்தனியே நின்று தனித்தனி விலை கொடுக்கின்றன. பக்கத்திலுள்ள இரண்டு தாதிமை இல்லங்களைத் தொலைபேசியில் அழைத்து, 'நீங்கள் எந்த மெத்தை வாங்கினீர்கள், எப்படி உழைக்கிறது?' என்று கேளுங்கள். முடிந்தால் சேர்ந்து வாங்குங்கள். 2030க்குள் சிங்கப்பூரர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார் என்கிறார்கள். இன்று 24 மெத்தை. அன்று எத்தனை?

மார்ச் 31 பற்றி மேலாளருக்கு இருக்கும் அச்சத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். பணத்தை மிச்சம் பிடித்த இல்லத்துக்கு அடுத்த ஆண்டு வெட்டு விழும் என்றால், மிச்சம் பிடிக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் அதற்கு வழி விலையை ஏற்றிக் கொடுப்பது இல்லை. மானியம் கொடுக்கும் அலுவலகத்துக்கு இப்போதே எழுதி, மிச்சமாகும் தொகையை அதே முதியவர்களுக்கான வேறு தேவைக்கு மாற்றலாமா, காலக்கெடுவை நீட்டிக்க முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். முடியாது என்று பதில் வந்தால் வரட்டும். கேட்டதற்குச் சான்று இருக்கும். 24 மெத்தைக்கு 35,520 வெள்ளியா, 12,480 வெள்ளியா? இடையில் நிற்பது 23,040 வெள்ளி. மெத்தை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் நேரத்துக்குப் புரட்டிப் படுக்கவைக்க ஆள் வேண்டும். இந்தத் தொகை அந்த ஆளுக்குப் பல மாதச் சம்பளம்.

சான்று என்று சொன்னேன். 2016இல் வந்த தலைமைத் தணிக்கையாளர் அறிக்கையில், விக்டோரியா அரங்கத்தின் மேம்பாட்டுப் பணியின்போது 470,000 வெள்ளியில் கட்டிய குப்பை சேகரிப்பு நிலையத்துக்கு, ஆலோசனைக் கட்டணமாக மட்டும் 410,000 வெள்ளி போனது வெளிவந்தது. யாரும் பணத்தைத் திருடிவிட்டார்கள் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. கட்டணம் நியாயமானதா என்று போதிய அளவு ஆராயவில்லை என்றே குறை கண்டது. உங்கள் மேலாளருக்கு இதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். நாளை தணிக்கையாளர் வந்தால், கேள்வி கேட்டதற்கான தாள் கோப்பில் இருப்பது அவருக்கும் பாதுகாப்பு. 'நீங்கள் தவறு செய்கிறீர்கள்' என்று தொடங்காமல், 'கோப்பில் ஓர் ஒப்பீட்டுத் தாள் இருந்தால் நமக்கு நல்லது, நானே தயாரிக்கிறேன்' என்று தொடங்குங்கள். பத்தில் எட்டு மேலாளர்கள் இதற்குச் சம்மதிப்பார்கள் என்பது என் அனுபவம்.

ஆனால் அந்த எழுத்துப்பிழை வேறு விஷயம். இரண்டு விலைப்புள்ளிகளில் ஒரே பிழை இருப்பது தற்செயலாகவும் இருக்கலாம். உங்கள் தேவைக்குறிப்பிலேயே அந்தப் பிழை இருந்து, இருவரும் அதைப் பார்த்து எழுதியிருக்கலாம். அதை முதலில் சரிபாருங்கள். அங்கே பிழை இல்லையென்றால், இரண்டையும் ஒரே கை தயாரித்திருக்கலாம். போட்டி இருப்பதுபோல் காட்டுவதற்காக ஒருவரே இன்னொரு பெயரில் கூடுதல் விலை எழுதிக் கொடுப்பது பழைய தந்திரம். விற்பனையாளர்கள் முன்கூட்டியே பேசிவைத்து விலை கொடுப்பது நம் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது. உள்ளேயிருந்து யாராவது கைநீட்டியிருந்தால் அது லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவுக்குப் போக வேண்டியது. தகவல் கொடுப்பவர் யார் என்பதை மறைத்துக் காக்க ஊழல் தடுப்புச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

அதற்காக நாளைக் காலையே புகார் எழுத வேண்டாம். இரண்டு நிறுவனங்களின் முகவரியையும் இயக்குநர்களையும் வணிகப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் சிறு கட்டணத்தில் பார்க்கலாம். பார்த்ததைத் தேதியோடு குறித்து வையுங்கள். ஆவணங்களை வீட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் நண்பர்களுக்கு அனுப்பாதீர்கள். அப்படிச் செய்தால் தவறு உங்கள் பக்கம் திரும்பிவிடும். இல்லத்தின் நிர்வாகக் குழுவில் தணிக்கைக்குப் பொறுப்பானவர் ஒருவர் இருப்பார். கண்டதை மட்டும், யார்மேலும் பழி சொல்லாமல், அவருக்கு எழுத்தில் கொடுங்கள். அவர் மௌனமாக இருந்தால் அப்புறம் வெளியே போவதைப் பற்றி யோசிக்கலாம்.

அம்மாவின் பயத்தை நான் குறைத்து எண்ணவில்லை. என் மனைவியும் எனக்கு அதையே சொன்னதுண்டு. ஒரு முறை, மருந்து செலுத்தும் பம்பின் மின்கலத்துக்கு 260 வெள்ளி கேட்டார்கள். பழையதைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே இருந்தது சிம் லிம் டவர் கடைகளில் 28 வெள்ளிக்குக் கிடைக்கும் சாதாரண மின்கலம். நானாக வாங்கிப் பொருத்தியிருந்தால் உத்தரவாதம் போயிருக்கும். நோயாளிக்கு ஏதாவது நேர்ந்தால் பழி என்மேல் விழும். அதனால் பிரித்த மின்கலத்தை மேசைமேல் வைத்துவிட்டு, விற்பனையாளரிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: மீதி 232 வெள்ளி எதற்கு என்று எழுதிக் கொடுங்கள். சோதனை, சான்றிதழ், போக்குவரத்து என்று எழுதிக்கொண்டு வந்தார். இரண்டு வாரத்தில் விலை 95 வெள்ளியானது. என் வேலை போகவில்லை. அவரும் எங்களோடு வியாபாரத்தை நிறுத்தவில்லை.

திங்கட்கிழமை இரவுப் பணித் தாதியரிடம் பேசுங்கள். செவ்வாய்க்கிழமை மூன்று விற்பனையாளர்களுக்கும் ஒரே கேள்விகளை ஒரே மின்னஞ்சலில், ஒரே காலக்கெடுவோடு அனுப்புங்கள். பம்பின் தனி விலை வந்ததும் எனக்கு எழுதுங்கள். ஒப்பீட்டுத் தாளைச் சேர்ந்தே போடுவோம்.